சுவாமி மாசிக்குள் வருவார் என்கிறார் அம்மா

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

அம்மாவுக்கு 63 வயது. அப்பா 1990இல் காணாமல் போனவர். அதன்பின் எங்களைத் தாங்கியது ஒரு சுவாமியின் மடம். எட்டு மாதத்துக்கு முன் சுவாமி சமாதியடைந்தார். கிரியைக்கே அம்மா போகவில்லை. "நூறு வயது இருப்பேன் என்றவர், மாசிக்குள் வருவார்" என்கிறார். மடத்தில் சிலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். விடியற்புறம் சுவாமியின் குரல் கேட்கிறதாம். "அவர் பார்த்துக்கொள்வார்" என்று சீனி வருத்தத்துக்கான குளிசையையும் விட்டுவிட்டார். மறுத்துப் பேசினால் இன்னும் இறுகுகிறார். இது பக்தியா, மனநோயா?

- உப்புவெளி வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் குளிசை. இந்த வாரமே கிளினிக்குக்குக் கூட்டிப்போய் சீனியின் அளவைப் பாருங்கள். சீனி மிதமிஞ்சினாலும் புத்தி தடுமாறும். எத்தனை நாள் நிறுத்தினார் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். வீட்டில் நம்பிக்கையைத் தொடாமல் மருந்தை மட்டும் பேசுங்கள். அம்மா மதிக்கும் மடத்து மூத்தவர் ஒருவர் சொன்னால் இன்னும் நல்லது.

குரல் கேட்பது மட்டும் நோயல்ல. வேல்சில் துணையை இழந்த 293 பேரை டேவி ரீஸ் என்ற மருத்துவர் விசாரித்து 1971இல் எழுதினார். ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தவரின் இருப்பையோ உருவையோ குரலையோ உணர்ந்திருந்தார்கள். பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. ஆனால் அந்தக் குரல் "சாப்பிடாதே", "என்னிடம் வா" என்று ஏவினால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

வாதம் ஏன் பலிப்பதில்லை? சத்திய சாயி பாபா 96 வயதுவரை இருப்பதாகச் சொல்லியிருந்தார். 2011 ஏப்ரல் 24இல், 84 வயதில் மறைந்தார். பக்தர்கள் பலர் நட்சத்திர மாதத்தை, அதாவது 27 நாளை ஒரு மாதமாக வைத்து எண்ணினார்கள். அவர் வாழ்ந்த 30,833 நாள் அந்தக் கணக்கில் 95 வருடத்தைத் தாண்டுகிறது. இதை அறியாமை என்று தள்ளக் கூடாது. ஆயுள் முழுக்க நம்பியதை இழப்பதைவிடக் கணக்கை மாற்றுவது மனதுக்குத் தாங்கக்கூடியது. கூட இருப்பவர்களும் அதையே சொன்னால் அது உறுதிப்படும். நீங்கள் மறுக்கும்போதெல்லாம் சுவாமியைக் காக்கும் பொறுப்பு அம்மாவின் தலையில் விழுகிறது.

மாசி கடந்ததும் தவணை தள்ளிப்போகலாம். இல்லையென்றால் அம்மா ஒரேயடியாக உடைந்துபோகலாம். அந்த நாட்களில் அவரைத் தனியே விடாதீர்கள். "நாங்கள் சொன்னோமே" என்ற சொல் வீட்டில் எழவே கூடாது.

அப்பாவுக்கு உடலும் இல்லை, அந்தியேட்டி என்ற இறுதிக் கிரியையும் இல்லை. அம்மா இத்தனை வருடமும் காத்திருந்தே பழகியவர். சுவாமி போய்விட்டார் என்று ஒப்புக்கொண்டால் அப்பாவையும் ஒப்புக்கொடுக்க வேண்டிவரும் என்று மனம் அஞ்சக்கூடும். ஆகவே சுவாமியை விட்டு அப்பாவைப் பற்றிக் கேளுங்கள்: என்ன கறி பிடிக்கும், எப்படிச் சிரிப்பார் என்று. வாரத்தில் ஒரு மாலை அரை மணித்தியாலம் போதும். அழுதால் தடுக்காதீர்கள். இறந்தோருக்குக் கிரியை செய்யும் கன்னியா வெந்நீரூற்றில் அப்பாவுக்குக் கிரியை செய்ய நீங்களாக நாள் குறிக்க வேண்டாம். அது அம்மா எடுக்கவேண்டிய முடிவு. சுவாமியின் நட்சத்திரத்தில் பத்துப் பேருக்கு அன்னதானச் சமையலை அம்மாவிடம் ஒப்படைத்துப் பாருங்கள். காத்திருந்த கைக்கு வேலை வரும், பக்தியும் குறையாது.

துயரம் 6 மாதத்துக்கு மேல் நீடித்து, ஊர் வழக்கத்தையும் மிஞ்சி அன்றாட வாழ்வை முடக்கினால் உலக சுகாதார அமைப்பு அதை நீடித்த துயரக் கோளாறு என்று வகுக்கிறது. அம்மா குளிக்கிறாரா, உண்கிறாரா, உறங்குகிறாரா என்று இரண்டு வாரம் குறித்துவைத்து, மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். சாகும் பேச்சு வந்தால் இரவானாலும் இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு எடுங்கள்.