நர்ஸம்மாவ பத்தி என்னன்னு எழுதறது?

கேள்வி: எங்க அம்மா தேவனாம்பட்டினம் பக்கம் கிராம சுகாதார நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவங்க, போன வருஷம் தவறிட்டாங்க. வேலை, எங்கள வளத்தது, தெருவுல யாருக்கு என்னன்னாலும் முதல் ஆளா போய் நிக்கிறதுன்னு ஓடிக்கிட்டே இருந்தாங்க. சுனாமில தடுப்பூசி கார்டு அடிச்சிக்கிட்டு போன புள்ளைங்களுக்கு ராத்திரில உக்காந்து ரெஜிஸ்டர பாத்து புதுசா எழுதி குடுத்தது இன்னும் கண்ணுலயே இருக்கு. முதல் வருஷத்துக்கு அண்ணன் அன்னதானம், பேனர்ங்கறார். எனக்கு சின்னதா ஒரு புத்தகம் போடணும். ஆனா எழுத உக்காந்தா 'பாசமானவங்க, எல்லாருக்கும் உதவுவாங்க' தாண்டி ஒரு வரி வரல. என்ன பண்றது?

- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வரலன்னு சொல்லிட்டு கேள்விக்குள்ளயே எழுதிட்டீங்களேம்மா. அந்த கார்டு விஷயம்தான் முதல் பக்கம். 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் அரிசி, பாய், துணி குடுக்க நிறைய பேர் வந்தாங்க, ஆனா எந்த புள்ளைக்கு எந்த ஊசி போட்டாச்சு எது பாக்கின்னு சொல்ல அந்த ஏரியா நர்ஸம்மாவ விட்டா வேற யாரு இருந்தா? அந்த புள்ளைங்களுக்கு இப்ப இருபது வயசு தாண்டியிருக்கும், சிலர் தங்களோட குழந்தைய தூக்கிக்கிட்டு புதன்கிழமை ஊசி போட வர்றவங்களாவே இருப்பாங்க, அங்க போய் நில்லுங்க, இன்னாரோட பொண்ணுன்னு சொல்லுங்க, அவங்க பேசுவாங்க, நீங்க போன்ல ரெக்கார்ட் பண்ணிக்குங்க. கூட வேலை பாத்தவங்க, அங்கன்வாடி டீச்சர், ஆயா யாரையும் விட்றாதீங்க, வயசானவங்கள முதல்ல பாத்துடுங்க.

அவங்களும் 'ரொம்ப நல்லவங்க'ன்னுதான் ஆரம்பிப்பாங்க. அதோட விடாம, என்ன பண்ணாங்க, எத்தன மணிக்கு வந்தாங்க, சத்து மாத்திரைய முழுங்காம ஒளிச்சு வச்சப்போ என்ன சொல்லி திட்டுனாங்கன்னு கேளுங்க. உங்க கடலூர் முதுநகர்ல பொறந்த சுதந்திரப் போராட்டக்காரர் அஞ்சலையம்மாள் 1937-ல சட்டசபைக்கு போனவங்க, ஆனா காந்திய பாக்க வெள்ளக்காரங்க தடை போட்டப்போ பர்தா போட்டுக்கிட்டு குதிரை வண்டில போய் பாத்தாங்கங்கறதத்தான் எல்லாரும் இன்னும் சொல்லிக்கிட்டே இருக்காங்க, ஏன்னா மனசுல நிக்கிறது அந்த மாதிரி ஒரு சம்பவம்தான்.

அம்மா வீட்ல இல்லாத சாயங்காலங்களையும் எழுதுங்க, பசியோட அவங்களுக்காக வாசல்ல காத்திருந்தது, கோவப்பட்டது எல்லாமே. அத மறைச்சா அவங்க உழைப்பயும் சேத்து மறைச்சதாயிடும். ஆனா யாருக்கு என்ன வியாதி, யாரு ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்கங்கறத அம்மா வெளிய சொல்லியிருக்கவே மாட்டாங்க, நீங்களும் போடாதீங்க. பேர் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

பிரஸ்ல ஒரு பாரம்னா 16 பக்கம், நடுவுல பின் அடிச்சு குடுத்துடுவாங்க, அதுவே போதும், ரெண்டு பாரத்துக்கு மேல இழுக்க வேணாம்.

அண்ணன்கிட்ட அன்னதானம் வேணாம்னு மட்டும் சண்ட போட்றாதீங்க. சாப்பிட வர்றவங்கள்ல பாதி பேர் அம்மா கையால ஊசி போட்டுக்கிட்டவங்களா இருப்பாங்க. பந்தி பக்கத்துல ஒரு நோட்ட வச்சு, எழுதத் தெரியாதவங்க சொல்றத எழுதிக்க அண்ணன் பசங்கள உக்கார வைங்க. புத்தகம் ஒரு மாசம் லேட்டானாலும் பரவால்ல.