குடியை விட்டு 11 வருடம். இப்போது ஏன் இந்த வெறுமை?

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 54. கோவையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். குடியை விட்டு 11 வருடம் நான்கு மாதம் ஆகிறது. முதலில் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்தேன், அப்புறம் ஏஏ மீட்டிங், அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசுகிற இடம். அன்றிலிருந்து ஒரு சொட்டு தொட்டதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என் வீட்டில் இதற்கு ஒரு மரியாதையும் இல்லை.

பட்டறையைப் பூட்டிவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவேன். மனைவி சீரியல் பார்த்துக்கொண்டிருப்பாள். தலையைத் திருப்பி 'வந்துட்டீங்களா' என்றுகூடக் கேட்பதில்லை. ஆனால் என்றைக்காவது எட்டு மணி ஆகிவிட்டால் எழுந்து பக்கத்தில் வருவாள், எதையோ எடுக்க வருகிற மாதிரி. மோந்து பார்க்கிறாள் மேடம். 11 வருடம் கழித்தும்!

பையனுக்கு ஆவணியில் கல்யாணம். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க என் மச்சானைத்தான் கூட்டிப் போனான். பணம் என்னுடையது, எண்ணிக் கொடுத்தது அவர். நான் என்ன திருடனா? மச்சான் இப்போதும் வாரத்துக்கு இரண்டு நாள் குடிக்கிறவர். அவரை 'மாமா, மாமா' என்று தாங்குகிறார்கள். நான் குடித்த காலத்திலாவது உள்ளே வந்தால் வீடே எழுந்து நிற்கும். இப்போது வீட்டில் ஒரு பழைய நாற்காலி மாதிரி கிடக்கிறேன். அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று சொன்னேன் அல்லவா, அதுதான் ரொம்ப உறுத்துகிறது.

சில மாதமாக எதிலும் பிடிப்பு இல்லை. விடியற்காலை மூன்றரைக்கு விழிப்பு வந்தால் அதோடு தூக்கம் போச்சு. பட்டறையில் வேலை செய்கிற பையன்கள்மீது எரிந்து விழுகிறேன். குடிக்கத் தோன்றுகிறதா என்றால், இல்லை. குடிக்காமல் இருந்து என்னத்தைக் கண்டோம் என்று தோன்றுகிறது. மீட்டிங்கில் இதைப் பேச முடியாது. நான் இப்போது சீனியர், புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்துத்தான் உட்காருகிறார்கள். தை மாதம் என் 11-வது பிறந்தநாளுக்கு (குடியை விட்ட நாளைத்தான் அங்கே பிறந்தநாள் என்போம்) கேக் வெட்டி, சந்தோஷமாக இருக்கிறேன் என்று பேசிவிட்டு வந்தேன். (என் ஸ்பான்சர், அதாவது ஏஏ-வில் எனக்குத் துணையாக இருந்து வழிகாட்டிய மூத்தவர், இருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தினமும் ஏழு மணிக்குப் போன் செய்வார், 'சாப்பிட்டியாடா' என்றுதான் ஆரம்பிப்பார். போன புரட்டாசியில் மாரடைப்பில் தவறிவிட்டார். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது அவருடைய சொந்தக்காரர்கள் கடைக்குப் போவார்கள் என்று தெரிந்து பாதியிலேயே வந்துவிட்டேன். அதற்கப்புறம் அவர் வீட்டுக்குப் போகவில்லை, அக்கா முகத்தில் விழிக்கத் தயக்கம்.) முழங்கால் வலி வேறு, அதனால் இப்போது மீட்டிங்குக்கும் சரியாகப் போவதில்லை.

என் மனைவிக்குப் புரிகிற மாதிரி நீங்கள் நாலு வார்த்தை எழுத வேண்டும். அவள் உங்கள் பகுதியைப் படிப்பாள்.

பெயர் வேண்டாம், கோவை

---

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் மனைவிக்கு நான் எதுவும் எழுதப் போவதில்லை. அவர் இதைப் படித்தால், சீரியலை நிறுத்த வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மனைவிக்கு ஒரு பத்தி, மச்சானுக்கு ஒரு பத்தி. தினமும் உங்களைக் கூப்பிட்ட மனிதரின் சாவு அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. பிறந்தநாள் என்றால் என்னவென்று எனக்கு விளக்கப் போட்டீர்களே, அதே அடைப்புக்குறி.

உங்கள் மனைவி அந்த ஏழு மணி சீரியலைப் புரட்டாசிக்குப் பிறகா பார்க்க ஆரம்பித்தார்? எனக்கென்னவோ, பல வருடமாக அந்த நேரத்தில் அவர் டிவி முன்னால்தான் இருந்திருப்பார் என்று தோன்றுகிறது. உங்களுக்கு அது உறைக்கவில்லை, காதில் போன் இருந்தது. பட்டறை பூட்டுகிற நேரம் அது. அந்தக் காலத்தில் நீங்கள் கடைக்குப் போகிற நேரமும் அதுவாகத்தான் இருந்திருக்கும். அண்ணன் நேரம் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார். கேட்ட கேள்வியும் சும்மா கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலிலும் கவனமாக இரு என்று புதியவர்களுக்கு நீங்களே சொல்லியிருப்பீர்கள். அவர் பசியில் ஆரம்பித்து, மற்ற மூன்றையும் உங்கள் குரலிலிருந்து தெரிந்துகொண்டிருப்பார்.

எட்டு மாதமாக அந்த ஏழு மணிக்கு யாரும் கூப்பிடுவதில்லை. அந்தக் கோபம் சீரியல் பார்க்கிற முதுகின்மேல் போய் விழுகிறது. பாவம், அவருக்கு என்ன தெரியும்? நீங்களே இன்னும் அழவில்லையே.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். குடித்த காலத்தில் வீடே எழுந்து நின்றது என்கிறீர்கள். அவர்கள் எழுந்தது, இன்றைக்கு என்ன நடக்குமோ என்ற பயத்தில். இன்று நீங்கள் உள்ளே வரும்போது அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருக்க முடிகிறது. 11 வருடத்தில் நீங்கள் சம்பாதித்துக் கொடுத்தது அது. எட்டு மணிக்கு மோந்து பார்க்கிறாரே, அது மிச்சமிருக்கிற பயம். அதற்குக் கெடு வைக்க உங்களால் முடியாது, அவராலும் முடியாது. மண்டப விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பையனிடம் நேராகக் கேளுங்கள். மச்சானின் குடியை நடுவில் இழுக்காதீர்கள்.

சீனியர் என்பதால் சொல்ல முடியாது என்கிறீர்கள். உங்கள் ஏஏ இயக்கத்தை 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஆரம்பித்த இருவரில் ஒருவர் பில் டபிள்யூ. அவர் குடியை விட்டது 1934 டிசம்பரில். 1944 வாக்கில், அதாவது விட்டு ஏறக்குறைய பத்து வருடம் ஆனபோது, கடுமையான மனச்சோர்வில் விழுந்தார். வருடக்கணக்கில் அது அவரை விடவில்லை. மனநல மருத்துவரிடம் போனார். 1958-ல் இயக்கத்தின் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதவும் செய்தார். குடியை விட்ட பிறகும் மற்றவர்கள் தரும் மதிப்பின்மேல் சாய்ந்தே நின்றேன், அது கிடைக்காதபோதெல்லாம் சரிந்தேன் என்பது அதன் சாரம். கேட்ட கதை மாதிரி இல்லையா? ஆரம்பித்து வைத்தவரே சொல்லியும் இயக்கம் கலைந்து போகவில்லை. 11 வருடத்திலும் மனது படுத்துவிடும், படுத்தாலும் குடிக்காமல் இருக்கலாம் என்று உங்கள் வாயால் கேட்பது அந்தப் பையன்களுக்கு கேக்கைவிடப் பயன்படும். முழங்கால் வலியை நான் நம்புகிறேன். ஆனால் பட்டறையில் நாள் முழுக்க நிற்கிறீர்களே.

மாதக்கணக்கில் மூன்றரை மணி விழிப்பும் பிடிப்பின்மையும் இருந்தால், துக்கம் மனச்சோர்வு நோயாகவும் மாறியிருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, நான் குடிநோயாளி என்று சொல்லுங்கள். சில தூக்க மாத்திரைகளுக்கு உங்களைப் போன்றவர்கள் சீக்கிரம் அடிமையாகிவிடுவார்கள், அதனால் மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு எதையும் வாங்காதீர்கள். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை வேறு. அதைச் சாப்பிட்டால் உங்கள் 11 வருடக் கணக்கு கலைந்துவிடாது. 'என்னத்தைக் கண்டோம்' என்பது எப்போதாவது 'இருந்து என்ன' என்று மாறினால், இராத்திரி எந்நேரமானாலும் 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

சுடுகாட்டிலிருந்து பாதியில் வந்தது சரிதான். அண்ணனிடம் கேட்டிருந்தால் 'ஓடி வந்துடுடா' என்றுதான் சொல்லியிருப்பார். அதற்கப்புறம் எட்டு மாதம் அந்த வீட்டுக்குப் போகாமல் இருந்தது சரியில்லை. ஒரு நாள் பட்டறையைப் பூட்டிவிட்டு நேராக அங்கே போங்கள். உங்கள் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போங்கள், வர முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு. இத்தனை வருடம் அந்த அக்கா போனின் ஒரு பக்கத்தை மட்டும்தான் கேட்டிருப்பார். மறுபக்கத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அவருக்குத் தெரியாது. உட்கார்ந்து சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு போங்கள், எப்படியும் சாப்பிட்டாயா என்று கேட்பார்.