நன்றியும் நாற்காலி முதுகும்

கேள்வி: ஏ.டி.எம். கதவைத் திறந்து பிடித்தாலும் சரி, பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தாலும் சரி, ‘நன்றி’ என்று ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வருவதில்லை. தமிழர்களிடம் மரியாதை செத்துவிட்டதா? – ஒரு வாசகி, திண்டுக்கல்.

பதில்: மரியாதை கிடக்கட்டும், அந்த ‘நன்றி’யைக் கொஞ்சம் பார்ப்போம். குறளில் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்பது வாயால் சொல்வதே இல்லை. செய்த நன்மைக்குத்தான் அந்தப் பெயர். ‘நன்றி மறப்பது நன்றன்று’ என்றால், உதவியை மறக்காதே என்று பொருள். தேங்க்ஸ் சொல்ல மறக்காதே என்று அல்ல. தேங்க்ஸுக்கு ஒரு தமிழ் வேண்டுமே என்று பிற்பாடு இதைப் பிடித்து அந்த வேலையில் போட்டார்கள். போதாக்குறைக்கு இப்போது ‘நன்றிகள்’ வேறு. வாழ்த்துகளில் ‘க்’ உண்டா இல்லையா என்று வருஷக்கணக்காகக் குடுமிபிடிச் சண்டை போடும் புலவர்கள் இந்தக் ‘கள்’ளைக் கண்டுகொள்வதே இல்லை. கள் என்றால் மயக்கம்தான் போல.

அம்மா சுட்டுப் போட்ட தோசைக்கு நன்றி சொல்லிப் பாருங்கள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

நம்முடைய மரியாதை வேறு இடங்களில் இருந்தது. கிளம்புகிறவரை ‘எங்கே போறீங்க?’ என்று கேட்பதில்லை; ‘தூரமா?’ போதும். ‘போறேன்’ கிடையாது, ‘போயிட்டு வரேன்.’ விளக்கை அணைக்கச் சொல்வதில்லை, குளிர வைக்கச் சொல்வார்கள். பானையில் அரிசி தீர்ந்தால் ‘நிறைஞ்சிருக்கு.’ நன்னூல் இந்த மாதிரிப் பேச்சுக்கு ‘மங்கலம்’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறது. நீங்கள் கதவு பிடித்தபோது அந்த ஆள் லேசாகத் தலையை ஆட்டியிருப்பார். அதுதான் ரசீது. கவனித்திருக்க மாட்டீர்கள்.

செத்தது எது என்று பார்க்க வேண்டுமானால் கல்யாணப் பந்திக்குப் போங்கள். இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப்பக்கம். சோறு பிசைய வலப்பக்கம் அகலம் வேண்டும் அல்லவா. மேல்பாதியில் கறி, கூட்டு, ஊறுகாய்; கீழ்ப்பாதியில் சோறு. வரிசை முழுக்கப் பரிமாறிய பிறகுதான் கை வைப்பது, பக்கத்து இலைக்காரர் முடிக்கும்வரை எழாமல் இருப்பது. இதெல்லாம் பழைய கணக்கு. இப்போது நீங்கள் ரசத்தில் இருக்கும்போதே நாற்காலி முதுகில் ஒரு கை விழுகிறது. பிறகு ஒரு மஞ்சப்பை மாட்டப்படுகிறது; பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவார்களே, அந்த உரிமையோடு. மோர் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். ‘முகந்திரிந்து நோக்கக் குழையும் விருந்து’ என்றார் வள்ளுவர். முகத்தைப் பார்த்து அல்ல, பிடரியைப் பார்த்தே விருந்தைக் குழைய வைக்கலாம் என்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு.

நின்றவரைத் திட்டிப் பயனில்லை. கணக்கைப் பாருங்கள். 1000 பேருக்கு அழைப்பிதழ், 200 நாற்காலி. சாம்பார், ரசம், மோர், பாயசம் என்று ஒரு பந்திக்கு 25 நிமிஷம். இலை எடுத்து, மேசைப் பேப்பரைச் சுருட்டி, புதிதாகப் போட இன்னொரு 10. ஐந்து பந்திக்கு மூன்று மணி நேரம், ஐந்து நிமிஷம் குறைய. வரவேற்பு 6.30 என்று அச்சடித்திருக்கும். அப்போது மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் மட்டும் இருப்பார். எல்லோரும் 8 மணிக்கு மொய்க் கவரோடு வந்து இறங்கினால் கடைசி ஆள் கை கழுவ 11 ஆகிவிடும். கடைசி பஸ்ஸை நினைத்தால் யாருடைய நாற்காலிக்குப் பின்னாலும் நிற்கத் தோன்றும்.

வழி இருக்கிறது. அக்கம்பக்கத்தாரை நேரில் சொல்லி ஏழு மணிப் பந்திக்கு வரவழைக்கலாம். வீட்டுக்காரர்களும் நெருங்கிய சொந்தமும், பழைய வழக்கப்படி, கடைசிப் பந்தி. இலை போட்டுத் தண்ணீர் வைத்து முடிக்கும்வரை சாப்பாட்டுக் கூடத்தின் கதவைச் சாத்தி வைக்க வேண்டும். வெறுமனே சாத்தினால் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். பூட்டு வேண்டும். பூட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊரில் இருந்துகொண்டு என்னிடம் வந்து கேட்கிறீர்களே!