மூணுன்னா பாஸ் மார்க்கா?

கேள்வி: மேடம், என் மகன் ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக்கில் படிக்கிறான். லீவு நாளென்றால் சிநேகிதர்களோடு பனிமலை ஏறப் போய்விடுகிறான். போன வாரம் பிரென்னர் கணவாய் தாண்டி இத்தாலிப் பக்கம் போனானாம். பனிச்சரிவு அபாயம் இல்லையா என்று பதறினால், “அஞ்சுக்கு மூணுதாம்மா போட்டிருக்கு. ரெண்டு நாட்டுக்கும் ஒரே ரிப்போர்ட்தான்” என்கிறான். இதை நம்பலாமா?
- ஒரு தாய், கோவை

பதில்: ரிப்போர்ட்டைப் பற்றிச் சொன்னது சரி. அந்த ‘மூணுதான்’ இருக்கிறதே, அதற்குத்தான் காதைத் திருக வேண்டும்.

நான் அதே ஊரில் ஒன்பது குளிர்காலம் இருந்தவள். அப்போதெல்லாம் இன்ஸ்ப்ரூக் இருக்கும் ஆஸ்திரிய மாநிலமான டிரோலுக்கு ஓர் அறிக்கை, எல்லைக்கு அப்பால் இத்தாலியின் தென்டிரோலுக்கு வேறு, அதற்கும் தெற்கே ட்ரென்டினோவுக்கு வேறு. 1 முதல் 5 வரையிலான அபாய அளவுகோல் 1993 முதல் ஐரோப்பாவுக்கே பொதுதான். ஆனால் போடுகிற கை வேறு. எல்லைக்கு இந்தப் பக்கம் 3, அந்தப் பக்கம் 2 என்று ஆல்ப்ஸில் பல இடங்களில் நடந்ததுண்டு. ட்ரென்டினோ போவதென்றால் இத்தாலிய மொழி தெரிந்த சிநேகிதியைப் பிடித்து வாசிக்கச் சொல்வேன்.

இத்தனைக்கும் அந்த எல்லை முதல் உலகப்போருக்குப் பிறகு மனிதர் போட்டது, காற்றுக்கு அது தெரியாது. தெற்கிலிருந்து ‘ஃபோன்’ (Föhn) என்கிற மலைதாண்டும் வெப்பக் காற்று அடித்தால், முகட்டுக்குத் தெற்கே கிடக்கும் பனியை வாரிக்கொண்டு வந்து வடக்குச் சரிவில் குவிக்கும். அங்கே விழுந்த பனி இங்கே ஆளைப் புதைக்கும். தனித்தனியாகக் கணித்து என்ன பயன்?

2018-19 குளிர்காலத்திலிருந்து மூன்று பகுதிகளும் ஒரே அறிக்கை தருகின்றன. அவற்றின் தலைநகரங்களான இன்ஸ்ப்ரூக், போல்சானோ, ட்ரென்டோவில் உள்ள அலுவலகங்கள் தினமும் கலந்து பேசி, மாலை 5 மணிக்கு மறுநாளுக்கானதை வெளியிடுகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது அதை எழுதும் முறை. கணிப்பாளர் இஷ்டத்துக்கு எழுத முடியாது. முன்கூட்டியே பல மொழிகளில் பெயர்த்துச் சரிபார்த்த வாக்கியத் துண்டுகளைப் பொறுக்கிக் கோக்கிறார். ஜெர்மனில் கோத்தால் இத்தாலியனிலும் ஆங்கிலத்திலும் அதே பொருள் தானாக வந்துவிடும். டாவோஸில் உள்ள சுவிஸ் பனி ஆய்வு நிலையம் உருவாக்கிய உத்தி இது. சுவிட்சர்லாந்துக்குப் போனால் மட்டும் அந்த நாட்டு அறிக்கையைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது மூணுக்கு வருவோம். இது நூற்றுக்கு அறுபது இல்லை. ஒவ்வொரு படிக்கும் அபாயம் பல மடங்காக ஏறும். நாலு, அஞ்சு என்றால் பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். மூணில் துணிந்து கிளம்புவார்கள். சுவிஸ் கணக்கில் பனிச்சரிவுச் சாவுகளில் ஏறத்தாழ பாதி மூணாம் நிலையில்தான். அதிலும் ‘பழைய பனி’ என்று போட்டிருந்தால் எனக்கே வயிறு கலங்கும். அடியில் சர்க்கரை மாதிரி ஒட்டாத பனி, மேலே பலகை மாதிரி இறுகிய பனி. ரவையைக் கொட்டி அதன்மேல் பலகை வைத்து, பலகைமேல் ஏறி நிற்பதை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது.

அடுத்த தடவை கிளம்பும்போது, “மூணு எந்த உயரத்துக்கு மேலே? எந்தத் திசைச் சரிவில்? காற்று குவித்த பனியா, பழைய பனியா?” என்று கேளுங்கள். எல்லாம் அந்த அறிக்கையிலேயே படத்தோடு இருக்கிறது. புதைந்தவர் இருக்குமிடத்தை சிக்னலால் காட்டும் டிரான்ஸீவர், பனிக்குள் குத்தித் தேடும் குத்துக்கோல், தோண்ட மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். புதைந்தவரை முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் கூட இருப்பவர்கள்தான் தோண்டி எடுக்க வேண்டும், ஹெலிகாப்டர் வருகிற வரை தாங்காது. “அம்மா, சிக்னல் சரியில்லை” என்று போனை வைத்தால், அறிக்கையின் படத்தில் அந்த எண்ணுக்குப் பூசிய நிறத்தை மட்டும் பார்த்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.