தானே கற்கும் குழந்தைக்கு ஆசிரியர் எதற்கு?

கேள்வி: எங்கள் நான்கு வயது மகள் மாண்டிசோரி பள்ளியில் படிக்கிறாள். அங்கே ஆசிரியை பாடம் நடத்துவதில்லை. பிள்ளை தவறாகச் செய்தாலும் திருத்துவதில்லை. தானாகவே கற்றுக்கொள்வாள் என்கிறார்கள். பிறகு ஆசிரியை எதற்கு?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மகளைத் திருத்தும் வேலையை அங்கே பெரும்பாலும் அவள் கையிலுள்ள பொருளே செய்கிறது. 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் 'குழந்தைகள் இல்லம்' என்னும் தம் முதல் பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, கற்றல் பொருள்களை அதற்கென்றே வடிவமைத்தார். பத்துக் குழிகள் கொண்ட மரக்கட்டையையும் அவற்றில் பொருந்தும் பத்து உருளைகளையும் உங்கள் மகளின் வகுப்பில் பார்த்திருப்பீர்கள். மெல்லிய உருளையை அகன்ற குழியில் போட்டுவிட்டால், இறுதியில் எந்தக் குழியிலும் இறங்காத உருளை ஒன்று கையில் மிஞ்சும். பிழை எங்கே என்று தேடி, எல்லாவற்றையும் வெளியே எடுத்து மீண்டும் அடுக்குவது குழந்தையின் வேலையாகிவிடுகிறது. அந்த நேரத்தில் பெரியவர் ஒருவர் குறுக்கிட்டு விடையைச் சொன்னால் உருளை சரியான இடத்தில் அமர்ந்துவிடும்; பிழையைத் தானே கண்டுபிடிக்கும் பழக்கம்தான் வளராது.

ஆசிரியையின் பணி இதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. பொருளைக் கையாளும் விதத்தை அதிகம் பேசாமல் நிதானமாகச் செய்துகாட்டுவதும், விலகி நின்று கவனிப்பதும், அடுத்த பொருளுக்குக் குழந்தை ஆயத்தமாகிவிட்டதா என்று கணிப்பதும் அவருடையவை. சத்தம் போட்டுப் பாடம் நடத்துவதைவிட இது கடினம் என்பது என் கருத்து. இதற்கான பயிற்சியை அளிக்கவே மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபைக்கு வந்தார். போர் காரணமாக ஊர் திரும்ப இயலாமல், கொடைக்கானலிலும் சில காலம் தங்கிப் பணியாற்றினார்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. மாண்டிசோரி என்னும் பெயர் யாருக்கும் தனியுரிமை உடையதன்று. எந்தப் பள்ளியும் அதைப் பலகையில் எழுதிக்கொள்ளலாம். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் ஒரே அறையில் இருக்கிறார்களா, பொருள்கள் அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில் உள்ளனவா, விரும்பியதை எடுத்து மணியடிக்கும் தொல்லையின்றி நெடுநேரம் ஈடுபட முடிகிறதா என்று பாருங்கள். அனுமதி பெற்று ஒரு காலைப்பொழுது வகுப்பின் ஓரத்தில் அமர்ந்திருந்தால், ஆசிரியை கவனித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறாரா, கவனிக்காமலே ஒதுங்கிவிட்டாரா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.