எந்தத் தேதியை ஆண்டு நிறைவாகக் கொள்வது?

வணக்கம். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியின் தொடக்க நாளாக ஒரு நூலில் செப்டம்பர் 16 என்றும் மற்றொன்றில் நவம்பர் 5 என்றும் இருப்பதால், பள்ளிக் கண்காட்சிப் பலகையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரியான தேதிகளே. 1956 செப்டம்பர் 16 அன்று சிட்னியின் டிசிஎன்-9 என்னும் தனியார் நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. பொதுத்துறை நிறுவனமான ஏபிசியின் சிட்னி நிலையம் தொடங்கியதுதான் நவம்பர் 5. மெல்பர்னில் எச்எஸ்வி-7 என்னும் தனியார் நிலையம் அதற்கு முந்தைய நாளும், ஏபிசி நிலையம் நவம்பர் 19 அன்றும் வந்தன. நவம்பர் 22 அன்று அந்நகரில் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கவிருந்ததை நினைத்தால் இந்த அவசரம் விளங்கும்.

ஆகவே, நாட்டின் தொலைக்காட்சிக்குப் பொதுவான ஆண்டு நிறைவு என்றால் செப்டம்பர் 16 என்றே எழுதுங்கள்; நவம்பர் 5-ஐ ஏபிசியின் பெயரோடு சேர்த்தே குறிப்பிடுங்கள்.

தாங்கள் ஒட்டவிருக்கும் படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டிசிஎன்-9 நிலையத்தின் அறிவிப்பாளர் புரூஸ் கிஞ்செல் தொலைக்காட்சிக்கு நேயர்களை வரவேற்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சி, முதல் இரவின் ஒளிபரப்பு பதிவாகாமல் போனதால் பின்னர் மீண்டும் நடித்துப் படமாக்கப்பட்டது என்பதால், அதன் கீழே 'முதல் ஒளிபரப்பு' என்று எழுதாமல் 'மறுபதிவு' என்று எழுதுவதே முறை. ஆண்டு நிறைவுக் கட்டுரைகள் பலவும் வழுக்கும் இடம் இது. வண்ண ஒளிபரப்புக்கு 1975 மார்ச் 1 என்பதில் குழப்பம் ஏதுமில்லை.