சியெனாவில் மகளுக்குப் பட்டமளிப்பு: ஊருக்கு வெளியே தங்கினால் 35,000 ரூபாய் மிச்சமா?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயது 62. என் மகள் இத்தாலியில் சியெனா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடிக்கிறாள். அக்டோபர் கடைசி வாரத்தில் பட்டம் வாங்குகிறாள். நானும் மனைவியும் போய் ஐந்து இரவுகள் தங்குவதாக உத்தேசம். மகள் இருப்பது நான்கு மாணவிகள் பகிர்ந்துகொள்ளும் வீடு. அங்கே எங்களுக்கு இடமில்லை. கோட்டை மதிலுக்குள் ஓர் ஓட்டல் பார்த்திருக்கிறோம்: இரவுக்கு 140 யூரோ, காலை உணவு உண்டு, மூன்று நாள் முன்புவரை ரத்து செய்யலாம். ஊரிலிருந்து 8 கி.மீ. தள்ளி ஒரு பண்ணைவீட்டில் எளிமையான விருந்தினர் அறை இருக்கிறது: இரவுக்கு 70 யூரோ, சமையலறை உண்டு, ஆனால் முழுப் பணத்தையும் இப்போதே கட்ட வேண்டும், திரும்பக் கிடைக்காது. ஐந்து இரவுக்கு 350 யூரோ, அதாவது 35,000 ரூபாய் மிச்சமாகிறது. "ஊருக்குள்ளேயே தங்குங்கள் அப்பா" என்கிறாள் மகள். ஒரு காரை வாடகைக்கு எடுத்துவிட்டால் தூரம் பிரச்சினை இல்லையே என்று எனக்குத் தோன்றுகிறது. மனைவிக்கு மூட்டுவலி உண்டு. இந்தச் செலவுக்கு பிப்ரவரியில் முதிரும் வைப்புநிதியை உடைக்கலாமா, கிரெடிட் கார்டில் இஎம்ஐ போடலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் மகளுக்கு வாழ்த்துகள். பட்டம் வாங்கும் அன்று இத்தாலியில் மாணவர்கள் தலையில் லாரல் இலைக் கிரீடம் சூட்டிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுவார்கள். அன்று இரவு சாப்பாடும் கொண்டாட்டமும் முடிய நேரமாகும். இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கணக்கில் அது வரும்.

ஒரு யூரோவுக்கு 100 ரூபாய் என்று நீங்கள் வைத்த விலையையே நானும் வைத்துக்கொள்கிறேன். உங்கள் கழித்தல் சரி. ஆனால் ஓர் அறையின் வாடகையிலிருந்து இன்னோர் அறையின் வாடகையைக் கழித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். கணக்காளரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கொள்முதல் விலை வேறு, அடக்க விலை வேறு. பண்ணைவீட்டு அறையின் அடக்க விலையைப் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் தொகைகள் என் மதிப்பீடுகள். உங்கள் தேதிக்கு விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

காரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது சீக்கிரம் முடிகிற விஷயம். சிறிய கார் காப்பீட்டோடு நாளுக்கு 50 யூரோ என்றால் ஐந்து நாளுக்கு 250. பெட்ரோல் 30, ஊரின் விளிம்பில் உள்ள வாகன நிறுத்தங்களில் மணிக்கு இரண்டு யூரோ அளவில் கட்டணம் என்று ஒரு 40 வைத்தால் 320 ஆகிவிட்டது. மிச்சப்படுத்த நினைத்த 350 யூரோவில் கையில் நிற்பது 30. அதற்கும் உத்தரவாதமில்லை. சியெனாவின் பழைய நகரம் முழுக்க வெளி வண்டிகளுக்குத் தடை செய்யப்பட்ட பகுதி. இசட்டிஎல் என்று பலகை வைத்திருப்பார்கள். கேமரா படமெடுக்கும், யாரும் நிறுத்திக் கேட்கமாட்டார்கள். ஒரு முறை நுழைந்தால் 80 யூரோவுக்கு மேல் அபராதம். உங்கள் விவரத்தைப் போலீசுக்குக் கொடுத்ததற்காக வாடகைக் கார் நிறுவனம் தனியே ஒரு தொகையைக் கார்டில் எடுத்துக்கொள்ளும். அபராதச் சீட்டு பல மாதம் கழித்துக் கோவைக்கு வந்து சேரும். இதற்கெல்லாம் முன்பு சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுக்க வேண்டும், சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழக வேண்டும். வேண்டாம்.

கார் இல்லையென்றால் பஸ். இருவருக்கும் போக வர, ஒரு வழிக்கு ஆளுக்கு மூன்று யூரோ என்று ஐந்து நாளுக்கு 60 யூரோ. விலை கட்டுப்படியாகிறது, இடிப்பது நேரம்தான். சியெனா இருக்கும் டஸ்கனி மாநிலத்தில் கிராமப்புற பஸ் அட்டவணையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு வண்டிக்கு மேலும் சின்ன எழுத்தில் குறிப்பு இருக்கும்: 'ஃபெரியாலே' என்றால் திங்கள் முதல் சனி வரை, 'ஃபெஸ்டிவோ' என்றால் ஞாயிறும் விடுமுறையும், 'ஸ்கொலாஸ்திகோ' என்றால் பள்ளி நடக்கும் நாட்களில் மட்டும். பண்ணைவீட்டு விளம்பரம் "பஸ் நிறுத்தம் அருகில்" என்று சொல்லும். அந்த நிறுத்தத்தில் மாலை ஏழுக்குப் பிறகு வண்டி உண்டா, ஞாயிறு வண்டி உண்டா என்று சொல்லாது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதன்பின் மாலை ஐந்தரைக்கே இருட்டு. நிறுத்தத்திலிருந்து பண்ணைக்குப் போகும் வழி பெரும்பாலும் விளக்கில்லாத மண் பாதை. மூட்டுவலி உள்ளவரை அந்தச் சரிவில் நடத்திக் கூட்டிப்போவதற்கு விலை போட எனக்குத் தெரியாது, விட்டுவிடுகிறேன்.

ஆனால் டாக்சிக்கு விலை போடலாம். பெட்டியோடு வந்திறங்கும் நாள், பட்டமளிப்பு இரவு, கிளம்பும் விடியற்காலை என்று மூன்று முறையாவது எடுத்தே தீர வேண்டும். முறைக்கு 30 யூரோ, ஆக 90. நம் ஊர்போல் தெருவில் கையைக் காட்டினால் நிற்காது. தொலைபேசியில் அழைக்க வேண்டும் அல்லது டாக்சி நிலையத்துக்குப் போக வேண்டும்.

அடுத்து, பண்ணைவீட்டுக்காரர்களுக்கே உரிய ஒரு செலவு: வெப்பமூட்டல். டஸ்கனிப் பண்ணைவீடுகள் தடித்த கல்சுவர் வைத்தவை. கோடையில் சுகம், அக்டோபர் கடைசியில் உள்ளே சில்லென்று இருக்கும். பல இடங்களில் வெப்பமூட்டலை வாடகையில் சேர்ப்பதில்லை, மீட்டர் பார்த்தோ நாளுக்கு இவ்வளவு என்றோ தனியாக வாங்குவார்கள். 30 யூரோ போடுங்கள். காலை உணவுக்குச் சாமான் வாங்க இன்னொரு 30. ஓட்டலில் அது வாடகைக்குள் வந்துவிடுகிறது.

60, 90, 30, 30. கூட்டினால் 210. ஆக, 350 யூரோ மிச்சம் 140 ஆகச் சுருங்கிவிட்டது.

"சமையலறையை மறந்துவிட்டீர்களே" என்பீர்கள். மறக்கவில்லை. இருவர் வெளியே இரவு சாப்பிட்டால் மேசைக்கு உட்கார வாங்கும் 'கொப்பெர்த்தோ' கட்டணமும் சேர்த்து 45 யூரோ எளிதில் ஆகும். 12 யூரோ சாமானில் நீங்களே சாதம் வடித்துக்கொண்டால் ஒரு வேளைக்கு 33 யூரோ லாபம், மூன்று இரவுக்கு ஏறக்குறைய 100. இது உண்மையான லாபம்தான். ஆனால் அதை எடுக்க வேண்டுமானால் கடைசி பஸ்ஸைப் பிடிக்க மாலையிலேயே ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். மகள் வகுப்பும் வேலையும் முடித்து ஓய்வாக இருப்பது அந்த நேரத்தில்தான். சிப்பி வடிவில் சரிந்து கிடக்கும் காம்போ சதுக்கத்தில் ஊரே வந்து தரையில் உட்காருவதும் அப்போதுதான். எனவே சமையலறை மிச்சம் உங்களுக்கு இலவசமாக வருவதில்லை. மாலைகளைக் கொடுத்து வாங்குகிறீர்கள். (பண்ணைவீட்டு அடுப்பில் இன்னொன்று: இத்தாலிய வீடுகளுக்கு வழக்கமான மின் இணைப்பு 3 கிலோவாட்தான். மின்சார அடுப்பும் ஹீட்டரும் கெட்டிலும் ஒன்றாகப் போட்டால் மெயின் ஸ்விட்ச் விழுந்துவிடும். முதல் நாளே அது எங்கே இருக்கிறது என்று கேட்டு வையுங்கள்.)

அப்படியானால் 140 யூரோ ஓட்டலா? அதுவும் இல்லை. நீங்கள் பார்க்காமல் விட்ட இடம் நடுவில் இருக்கிறது. சியெனா மூன்று குன்றுகளின் மேல் நிற்கும் ஊர். ரயில் நிலையம் வடக்கே பள்ளத்தில் இருக்கிறது. நிலையத்துக்கு எதிரே உள்ள வணிக வளாகத்தின் வழியாக, ஒன்றன்பின் ஒன்றாக நகரும் படிக்கட்டுகள் மேலே கமொல்லியா வாசல் பக்கம் கொண்டுபோய் விடும், கட்டணம் கிடையாது. பெட்டியும் மூட்டுவலியும் இருக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சலுகை அந்த ஊரில் இல்லை. படிக்கட்டுகளின் அடியிலும் முடிவிலும், அதாவது மதிலுக்குச் சற்று வெளியே, குடும்பங்கள் நடத்தும் சிறிய விருந்தினர் விடுதிகள் உண்டு. குடியிருப்புக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நான்கைந்து அறை, காலையில் உறையிலிட்ட குரோசான், ரஸ்க், பாக்கெட் ஜாம், ஒரு காபி மெஷின். அழகு பார்க்க வேண்டாம். நகர பஸ் அங்கே இரவிலும் ஓடும்.

அங்கே ஓர் அறை இரவுக்கு 100 யூரோவுக்குக் கிடைத்தது என்று வையுங்கள். ஓட்டலைவிட ஐந்து இரவுக்கு 200 யூரோ குறைவு. விடுதியின் பாக்கெட் காலை உணவு போதவில்லை என்று தெருமுனை பாரில் (அங்கே காபிக்கடைக்கு அதுதான் பெயர்) நின்றபடி காபியும் கொர்னேத்தோ என்ற இத்தாலியக் குரோசானும் சாப்பிட்டால் இருவருக்கும் ஐந்து நாளுக்கு 35 யூரோ (உட்கார்ந்தால் விலை ஏறும்), நகர பஸ்ஸுக்கு 20. கையில் நிற்பது 145. எட்டு கிலோமீட்டர் தள்ளி 70 யூரோ அறையில் நின்றது 140. டாக்சியும் இல்லை, இருட்டில் நடையும் இல்லை, மாலையும் உங்களுடையது. 100 யூரோவுக்குள் எது கிடைத்தாலும் அதை எடுங்கள். 110-ஐத் தாண்டினால் மதிலுக்குள் உள்ள ஓட்டலுக்கே போய்விடுங்கள், மகள் சொல்வது சரி.

பண்ணைவீட்டை நான் மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். ஆறு பேர், ஒரு வாரம், ஜூன் மாதம், ஓட்டத் தெரிந்த ஒருவர் என்றால் நானே அதைத்தான் சொல்வேன். கூரையில்லாமல் நிற்கும் சான் கல்கானோ மடாலயத்துக்கும், கிரேத்தே செனேசி எனப்படும் களிமண் குன்றுகளுக்கும் போக அப்போது கார் எப்படியும் வேண்டும். அதன் செலவு ஆறு பேர் தலையில் பிரிந்துவிடும். நீங்கள் போவது மகளைப் பார்க்க.

இன்னொரு கழித்தல் நீங்கள் போட்டே ஆக வேண்டும். "இப்போதே கட்டு, திரும்பக் கிடைக்காது" என்ற நிபந்தனையில் 35,000 ரூபாய் கட்டப் பார்க்கிறீர்கள். இத்தாலிக்கு வேண்டிய ஷெங்கன் விசா கைக்கு வந்துவிட்டதாக நீங்கள் எழுதவில்லை. விசா மறுத்தாலோ தேதி தள்ளினாலோ அந்தப் பணம் போனது போனதுதான். ஆளுக்கு 90 யூரோ விசா கட்டணமே திரும்பாது. அதோடு வாடகையையும் பணயம் வைக்கக் கூடாது. விசா கையில் வரும்வரை, ரத்து செய்யக்கூடிய பதிவு மட்டுமே. தங்குமிடச் சான்றுக்கும் அதுவே போதும்.

அறை பதிவு செய்யுமுன் ஒரு சோதனை. 2025 ஜனவரி 1 முதல் இத்தாலியில் விருந்தினரைத் தங்கவைக்கும் எந்த இடமும் சிஐஎன் என்ற தேசிய அடையாள எண் பெற்று விளம்பரத்திலும் வாசலிலும் காட்ட வேண்டும். எண் இல்லாத மலிவு அறை எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். நகராட்சி வாங்கும் தங்கும் வரி ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வரும். இணையத்தில் காட்டும் விலையில் பெரும்பாலும் அது இருக்காது. வெப்பமூட்டல் சேர்ந்ததா என்பதையும் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்குங்கள்.

பணம் செலுத்தும் முறையில் இதைவிட அதிகம் ஒழுகும். நம் கிரெடிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் கூடுதல் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி; சேர்த்தால் 4.13. அங்கே மொத்தம் 1,500 யூரோ செலவழித்தால் 62 யூரோ இதற்கே போகும், நீங்கள் ஆசைப்பட்ட பண்ணைவீட்டின் ஓர் இரவு வாடகைக்குச் சற்றுத்தான் குறைவு. கட்டணம் குறைவான கார்டோ யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் மெஷின் "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்டால் யூரோ. ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை.

பயண நிறுவனம் "விமானமும் அறையும் சேர்த்துத் தருகிறோம்" என்றால் அது வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாகி, அதற்கு டிசிஎஸ் என்ற வரியை விலையோடு சேர்த்து முன்கூட்டியே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் திரும்ப வாங்கலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். டிக்கெட்டைத் தனியாக, அறையைத் தனியாக வாங்கினால் அது தொகுப்பில் வராது.

கணக்குப் பார்க்கிறவர் என்பதால் ஒரு சிபாரிசு. இன்றும் இயங்கும் வங்கிகளில் உலகிலேயே பழையதான மோந்தே தேய் பாஸ்கி 1472-இல் தொடங்கியது இந்த ஊரில்தான். அதற்கும் இருநூறு ஆண்டு முன்பு, 1258-லிருந்தே, சியெனா கருவூலம் தன் வரவு செலவுப் புத்தகங்களின் மர அட்டைகளில் ஓவியம் வரையச் செய்திருக்கிறது. பிக்கெர்னா பலகைகள் என்பார்கள். பிக்கொலோமினி மாளிகையில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. திறந்திருக்கும் நேரத்தை மகளை விசாரிக்கச் சொல்லுங்கள்.

வைப்புநிதிக்கு வருகிறேன். உடைக்க வேண்டாம், முன்முதிர்வு அபராதத்தோடு வட்டி விகிதமும் இறங்கும். கார்டு இஎம்ஐ நிச்சயமாக வேண்டாம்: வட்டி, செயல்முறைக் கட்டணம், வட்டிக்கும் ஜிஎஸ்டி. அதே வங்கியில் வைப்புநிதியின் மீது ஓவர்டிராஃப்ட், அதாவது அதை ஈடாக வைத்துத் தேவைப்படும்போது எடுக்கும் கடன், கேளுங்கள். வைப்புநிதி வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவீதம்தான் அதிகம் இருக்கும், எடுத்த தொகைக்கு எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. விமான டிக்கெட்டுக்கு ஒரு தடவை, கிளம்புவதற்கு முந்தைய வாரம் மீதிக்கு ஒரு தடவை எடுத்து, பிப்ரவரியில் முதிரும்போது நேர்செய்துவிடுங்கள்.